பலெர்மோவில் இருந்து மாமா அனுப்பிய றோஸ் ஜேர்சி: எந்த வருடத்தது?

கொழும்புத்துறையான் (ஜூலை 6)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று படம் இணைத்திருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், கழுத்தின் உட்பக்கம். இது இத்தாலியின் பலெர்மோ கழகத்து ஜேர்சி. அவ்வளவு எனக்குத் தெரியும். எந்தப் பருவகாலத்தது, கழகத்தின் கடையில் விற்றதா அல்லது வெளியில் யாரோ அடித்து விற்றதா, இனிக் கெடாமல் எப்படி வைத்திருப்பது, இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு அம்மாவின் அலுமாரியை இடம் மாற்றினோம். அடித்தட்டில் கூறைச் சேலைக்குக் கீழே ஒரு சொப்பிங் பைக்குள் மடித்தபடி கிடந்தது. அக்காவின் மகனுக்கு எட்டு வயது. அவன்தான் எடுத்து விரித்தான். "மாமாவிட்ட இன்டர் மயாமி ஜேர்சி இருக்கு" என்று முற்றம் முழுக்க ஓடினான். அவனில் பிழை இல்லை. பின்னேரம் முற்றவெளிப் பக்கம் போனால் மெஸ்ஸியின் பெயர் போட்ட றோஸ் ஜேர்சியோடு பத்துப் பிள்ளைகளாவது நிற்பார்கள். அவனைப் பிடித்து இருத்தி, இது மெஸ்ஸிக்கு 17 வயதாக இருக்கும்போதே எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொன்னேன். நம்பவில்லை.

2004 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் அம்மாவின் தம்பி கொடுத்துவிட்டது. அப்போது யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்திருந்த காலம். கொழும்பில் இருந்து பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தது. எனக்கு 14 வயது. ஜேர்சியோடு அம்மாவுக்கு ஒரு கடிதமும் இருந்தது. அதன் கடைசியில் எனக்கென்று எழுதிய வரிகளை அப்படியே தருகிறேன்:

"நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதை மருமகன். 31 வருசத்துக்குப் பிறகு நாங்கள் ஏறிவிட்டோம். போட்டுக்கொண்டு விளையாடு."

யார் அந்த நாங்கள், எங்கே ஏறினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா இத்தாலிக்குப் போனது 1991இல். அப்படிப் பார்த்தாலும் 13 வருடம்தான். புது வீட்டுக்கு மாறியிருக்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு நாள்தான் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். தங்கச்சியின் சட்டையை ஏன் போட்டு வந்தாய் என்று பெடியள் கேட்டார்கள். பாதி ஆட்டத்திலேயே கழற்றி, பிடித்தமான ஆகாயநீல ஆர்ஜென்டீனா ரீசேட்டை மாற்றிக்கொண்டேன். இதை நினைக்க இப்போதும் மனம் சுடுகிறது. மாமா அங்கே வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது.

இரண்டாம் முறை போட்டது 2006 உலகக் கிண்ணத்தின்போது. இத்தாலியும் ஜேர்மனியும் மோதிய அரையிறுதி. எங்கள் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. அந்த மாதங்களில் இரவில் வீதியில் இறங்க முடியாது என்பதால் வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஏன் அந்த ஜேர்சியைப் போட்டேன் என்று தெரியவில்லை. இத்தாலி என்றதும் கையில் கிடைத்தது அதுதான். மேலதிக நேரமும் முடியப் போகிறது, 119ஆவது நிமிடம், குரோஸோ இடது காலால் வளைத்து அடித்த பந்து உள்ளே போனது. சத்தம் போடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். குரோஸோ அந்தப் பருவகாலம் முழுவதும் விளையாடியது பலெர்மோவுக்கு என்று இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையில் வாசித்தேன். ஓகஸ்ட் 11 ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதன் பிறகு பொதியும் இல்லை, கடிதமும் ஒழுங்காக இல்லை. ஜேர்சியை அம்மா எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மாமாவிடமே கேட்கலாமே என்பீர்கள். அவர் குடும்பத்தோடு 2012இல் லண்டனுக்கு மாறிவிட்டார். இந்த முறை நல்லூர்த் தேருக்கு வருகிறார், வயதும் 60 ஆகிறது. இதைச் சட்டம் போட்டு, கீழே சரியான வருடத்தை எழுதி, வந்திறங்கும்போது சுவரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் அவரிடம் வாயே திறக்கவில்லை.

பெல்லெக்ரீனோ அடிவாரம் (ஜூலை 7)

தம்பி, உங்கள் மாமாவின் கணக்கு மிகச் சரி. பலெர்மோ 1973இல் இத்தாலியின் முதற் பிரிவான சீரி ஏயில் இருந்து இறங்கியது. திரும்ப ஏறியது 2004இல். திரியெஸ்தீனாவை 3–1 என்று வென்ற மே 29 அன்று அது உறுதியானது. 31 வருடம் என்பது அதுதான். ஓகஸ்டில் உங்கள் கைக்கு வந்திருந்தால், அது 2003–04 பருவகாலத்து ஜேர்சி, இல்லாவிட்டால் அதைப் பார்த்து அடித்தது. நெஞ்சில் உள்ள இரட்டைச் சாய்சதுரம் லோட்டோ என்ற விளையாட்டு உடுப்பு நிறுவனத்தின் அடையாளம். அந்த வருடங்களில் கழகத்துக்குத் தைத்தது அவர்கள்தான்.

நான் 1988இல் இங்கே, பலெர்மோவுக்கு, வந்தவன். அப்போது பலெர்மோ மூன்றாம் பிரிவில் கிடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1986இல், கடன் மூடிக் கழகமே இல்லாமல் போனது. ஒரு பருவகாலம் முழுவதும் இந்த நகரத்துக்கு ஆட்டம் இல்லை. 1987இல் கீழே நாலாம் பிரிவில் புதிதாகத் தொடங்கினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2004இல் ஏறியபோது வயதானவர்கள் வீதியில் நின்று அழுததை இந்தப் பின்னணியோடுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். நானும் அழுதேன். எனக்கு உதைபந்து பற்றி அதிகம் தெரியாது, ஆனாலும் அழுதேன்.

நிறத்தின் கதையைச் சொல்கிறேன், சட்டத்தின் கீழே எழுத உதவும். கழகம் தொடங்கியது 1900 நவம்பர் 1. இங்கே வைன் வியாபாரம் செய்த ஆங்கிலக் குடும்பங்களின் தொடர்பில் பிறந்தது என்பதால் முதல் பெயரே ஆங்கிலப் பெயர். நிறம் சிவப்பும் நீலமும். 1905 பெப்ரவரியில் ஐரோல்டி என்ற பிரபு, கழகத்தோடு நின்ற ஜோசப் விற்றேக்கருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கடிதம் இருக்கிறது. கறுப்பையும் றோசையும் எடுங்கள், அவை துயரத்தின் நிறமும் இனிமையின் நிறமும், ஒரு நாள் வென்று ஒரு நாள் தோற்கும் எங்கள் அணிக்கு அதுதான் பொருந்தும் என்பது அதன் சாரம். 1907இல் மாற்றினார்கள். அதில் இருந்து ரோசநேரோ, அதாவது றோஸ்-கறுப்பு, என்றால் பலெர்மோதான். இத்தாலியனில் றோசுக்கு ரோசா என்று பெயர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லும் றோசும் அதுவும் ஏறக்குறைய ஒன்றென்பது வந்த புதிதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மொழி தெரியாத ஊரில் ஒரு சொல்லாவது தெரிந்திருந்ததே.

நடுவில் முப்பதுகளில் பாசிச ஆட்சி அந்த நிறத்தைக் கழற்ற வைத்து, நகரசபையின் மஞ்சளையும் சிவப்பையும் போட வைத்தது. அந்த ஆட்சி போனது, றோசும் கறுப்பும் திரும்பி வந்தன. யாராவது அந்தக் காலத்து மஞ்சள் சிவப்புச் சட்டை ஒன்றை வைத்திருந்தால் அதைப் பார்க்க நான் நூறு கிலோமீற்றர் நடப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதற்கும் ஜேர்சிக்கும் சம்பந்தம் குறைவு. 1990 உலகக் கிண்ணத்தின் மூன்று ஆட்டங்கள் இங்கே நடந்தன. அந்த மைதானத்தைத் திருத்திக் கட்டும்போது, 1989 ஓகஸ்டில், கூரை வேலையில் நின்ற தொழிலாளர்கள் விழுந்து இறந்துபோனார்கள். கூலி வேலைக்கு வந்த எங்களுக்கு அந்தச் செய்தி நெஞ்சில் நின்றது. முதல் ஆட்டம் நெதர்லாந்துக்கும் எகிப்துக்கும், 1990 ஜூன் 12. அதற்கு முதல் நாள்தான் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. வேலை செய்த வீட்டின் பல்கனியில் நின்று உடுப்புக் காயப்போடுகிறேன், மைதானத்துப் பக்கம் இருந்து அலை மாதிரிச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது. 1–1 என்று முடிந்ததாம். பிறகு வருடக்கணக்காக அந்தப் பக்கத்துச் சத்தமே எனக்குப் பிடிக்காமல் இருந்தது.

அதை மாற்றியது 2002க்குப் பிறகு வந்த காலம். சம்பரீனி என்ற தொழிலதிபர் கழகத்தை வாங்கினார். தன் பழைய கழகமான வெனேசியாவின் ஆட்டக்காரர்களைக் கூட்டமாக இங்கே கொண்டுவந்தார். லூகா தோனி இரண்டாம் பிரிவில் 30 கோல் அடித்தார். ஏறிய முதல் வருடமே ஆறாம் இடம், ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி. நீங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் போய்ப் பார்த்த 2006 அணியில் குரோஸோ மட்டுமில்லை, பர்சாலி, பரோனே, சக்கார்தோ என்று நாலு பேர் பலெர்மோக்காரர். இறுதியாட்டத்தில் கடைசிப் பெனால்டியை அடித்ததும் அதே குரோஸோ. பிறகு கவானி, பஸ்தோரே, டிபாலா எல்லோரும் இந்த றோசைப் போட்டுத்தான் உலகத்துக்குத் தெரிய வந்தார்கள். மிக்கோலியைப் போலச் சனம் நேசித்த ஆள் வேறு இல்லை. 2011இல் இத்தாலியக் கிண்ண இறுதிவரை போய் மிலானின் இன்டர் கழகத்திடம் தோற்றார்கள். 1974இலும் 1979இலும் அதே கிண்ணத்தின் இறுதியில் தோற்றவர்கள். ஐரோல்டி எழுதிய கறுப்பு அங்கே இருக்கிறது. 2019இல் திரும்பவும் கழகம் விழுந்து நாலாம் பிரிவில் தொடங்கியது. அதுவும் ஏறிவிட்டது.

மைதானம் மொன்டே பெல்லெக்ரீனோ மலையின் அடியில். மேலே சாந்தா ரொசாலியாவின் கோயில். எங்கள் சனம், வேதக்காரரும் சைவக்காரரும், நேர்த்தி வைத்து அந்த மலை ஏறுவோம். உங்கள் மாமாவும் ஏறியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

நூலும் ஊசியும் (ஜூலை 7)

அண்ணா, நான் பழைய ஜேர்சி சேர்க்கிறவன், சில நேரம் வாங்கி விற்கிறவனும். படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன், கையில் எடுத்து இவற்றைப் பாருங்கள்.

கழகத்தின் கழுகுச் சின்னம் நூலால் தைத்ததா, அச்சா? லோட்டோவின் அடையாளத்தைத் தடவிப் பாருங்கள், இரண்டு சாய்சதுரமும் ஒரே அளவாக, கோடு தெளிவாக இருக்க வேண்டும். அது ஒரு டெனிஸ் தரையும் ஓர் உதைபந்து மைதானமும் சேர்ந்த அடையாளம், போலி அடிக்கிறவர்கள் அதன் மூலைகளைத்தான் கோட்டை விடுவார்கள். இடது விலாப்பக்கத் தையலுக்குள் தோய்க்கும் முறை எழுதிய துணிச்சீட்டு இருக்கிறதா? வெட்டிய அடையாளமாவது இருக்கிறதா? உட்பக்கம் திருப்பி அக்குள் தையலைப் பாருங்கள். நல்ல தையல் என்றால் அங்கே தட்டையாக இருக்கும், நூல் தொங்காது.

முதுகில் பெயரும் இலக்கமும் இல்லை என்று யோசிக்க வேண்டாம். சீரி ஏயில் ஆட்டக்காரருக்கு நிலையான இலக்கமும் பெயரும் வந்தது 1995–96இல், ஆனால் கடையில் விற்பதில் பல வெறும் முதுகோடுதான் வரும்.

வைத்திருக்கும் முறையில்தான் எனக்குப் பயம். கொழும்புத்துறை கடற்கரைப் பக்கம், உப்புக் காத்து. முதலில் குளிர் தண்ணீரில், உட்பக்கம் வெளியே திருப்பி, கொஞ்சச் சவர்க்காரத்தோடு கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் காயவிடுங்கள், தலைகீழாகக் கொடியில் போடாமல் ஒரு துவாயின் மேல் பரப்பினால் நல்லது. அச்சுக்கு மேலே ஒருக்காலும் மினுக்க வேண்டாம், ஒரு நொடியில் அயனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எனக்கு அப்படி ஒரு நல்ல சட்டை போயிருக்கிறது.

சட்டம் போடுகிறவர் பசை பூசப் பார்ப்பார். விடாதீர்கள். தோள்மூட்டிலும் விளிம்பிலும் நாலைந்து இடத்தில் நூலால் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி துணியில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். றோஸ்தான் வெயிலுக்கு முதலில் வெளிறும். பின்னேர வெயில் விழாத சுவராகப் பாருங்கள்.

விசில் (ஜூலை 8)

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். தங்கச்சியின் சட்டை என்று சிரித்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு நான் அங்கே இருந்தால் சொல்லியிருப்பேன். இத்தாலியில் றோஸ் விளையாட்டின் நிறம். அங்குள்ள பெரிய விளையாட்டுப் பத்திரிகை லா கஸெற்றா 1899இல் இருந்து றோஸ் தாளில் அச்சாகிறது. அந்தப் பத்திரிகை நடத்தும் சைக்கிள் ஓட்டத்தில் முன்னணியில் நிற்பவருக்கு 1931 தொடக்கம் றோஸ் சட்டைதான். இன்று கறுப்பு வெள்ளை என்று எல்லோரும் அறிந்த ஜுவென்டஸ்கூட முதலில் போட்டது றோஸ். இங்கிலாந்தின் நொட்ஸ் கவுன்ரி கழகத்துச் சட்டைகள் 1903இல் வந்த பிறகுதான் மாறினார்கள். ஆக, இத்தாலியின் பெரிய கழகங்களில் அந்த நிறத்தை இன்றும் வைத்திருப்பது பலெர்மோதான். மருமகனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் தம்பி.

கொழும்புத்துறையான் (ஜூலை 9)

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. பலெர்மோ ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1990 ஜூன் வந்த இடத்தில் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, மிச்சத்தையும் வாசி என்றார்.

தம்பி சொன்னபடி பார்த்தேன். கழுகு அச்சுத்தான். விலாப்பக்கத்தில் சீட்டு இல்லை, வெட்டிய தடமும் இல்லை. லோட்டோவின் ஒரு சாய்சதுரம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. கழகத்தின் கடையில் வாங்கியதில்லை என்பது எனக்கே தெரிகிறது.

பெல்லெக்ரீனோ அடிவாரம் (ஜூலை 9)

தம்பி, அந்தக் கிழமை பலெர்மோ முழுவதும் றோஸ். மைதானத்தைச் சுற்றியும் பல்லாரோ சந்தையிலும் தட்டுப் போட்டு விற்றார்கள். எங்கள் கையில் இருந்த காசுக்கு அதைத்தான் வாங்கினோம், இந்த ஊர்ச் சனத்தில் பாதிப் பேரும் அதைத்தான் வாங்கினார்கள். அந்த நாளில் இந்த வீதியில் நின்ற சட்டை அது. 2004 மே என்று தயங்காமல் எழுதுங்கள்.

கொழும்புத்துறையான் (செப்டெம்பர் 2)

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

பசை பூசாமல் நூலில் பிடித்துத்தான் சட்டம் போட்டோம். கீழே "பலெர்மோ, 2004 மே 29, 31 வருடத்துக்குப் பிறகு" என்று எழுதினோம். கூடத்தில் சுவாமிப் படங்களுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன், அங்கே வெயில் வராது. மாமா வந்து செருப்பைக் கழற்றி நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தேதியைத் தொட்டுப் பார்த்தார். இது யார் உனக்குச் சொன்னது என்று கேட்டார். இந்த உரையாடலைத் தொலைபேசியில் திறந்து கொடுத்தேன். கதிரையில் இருந்து முழுவதும் வாசித்தார்.

நாங்கள் என்று எழுதியது யாரை என்று கேட்டேன். அவர் பார்த்துக்கொண்ட கிழவர் ஒருவர், நடக்க முடியாதவர். 1973இல் கழகம் இறங்கியதை மைதானத்தில் இருந்து பார்த்தவராம். ஆட்டம் உள்ள நாளெல்லாம் மாமாவைப் பக்கத்தில் இருத்தி வானொலியில் கேட்பார். எந்த ஆட்டக்காரர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது வரை சொல்லுவாராம். மாமா இத்தாலியன் பழகியதே அப்படித்தான். மே 29 அன்று கிழவர் காசு கொடுத்து, போய் எனக்கொரு ஜேர்சி வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார். மாமா தன் காசில் இன்னொன்றும் வாங்கினார். ஒன்றைக் கிழவருக்குப் போட்டுவிட்டார். மற்றது எனக்கு வந்தது.

ஐயா, மலை ஏறினாரா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு 1995 இடம்பெயர்வில் ஒன்றும் ஆகக் கூடாது என்று நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறினாராம். அம்மாவுக்கே இது அன்றைக்குத்தான் தெரியும்.

சட்டத்தை லண்டனுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். ஆனால் ஒன்று கேட்கிறார். கிழவர் 2009இல் காலமாகிவிட்டார். மகள் அதே வீட்டில்தான் இருப்பதாக மாமா நினைக்கிறார், தொடர்பு விட்டுப்போனது. அந்த மற்ற ஜேர்சியை வைத்திருக்கிறார்களா என்று அறிய ஆசைப்படுகிறார். உங்களுக்குச் சிரமம் இல்லாவிட்டால் ஒரு தடவை விசாரிக்க முடியுமா?

பெல்லெக்ரீனோ அடிவாரம் (செப்டெம்பர் 2)

என்ன சிரமம் தம்பி. தெருப் பெயரையும் மாமாவின் பழைய படம் ஒன்றையும் தனிமடலில் அனுப்புங்கள். நாளை மறுநாள் சாந்தா ரொசாலியாவின் திருநாள், எனக்கு வேலை இல்லை. மலையால் இறங்கி வரும்போது அந்தப் பக்கமாகவே வருகிறேன்.